சென்றாயன் கேட்ட சமாதானச் சீட்டு

குண்டூர் நாட்டுச் சென்றாயன் கடைசிவரை உபதேசியார் ஆகவில்லை. மிளகுக் கொடி ஏற்றியும் சாமை விதைத்தும் காலத்தை ஓட்டி, 1944-ஆம் வருஷம் ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். மிஷன் அறிக்கைகளில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வேலை கிடைக்காமல் போனவனைப் பற்றி யார் மெனக்கெட்டு எழுதப் போகிறார்கள்? அதனால் நான் எழுதுகிறேன். அந்த வேலைக்கான பரீட்சைக்கு அவருக்குப் பாடம் வாசித்துக் காட்டியவன் நான். அவருக்கு அது கைநழுவியதில் என் சோம்பேறித்தனத்துக்கும் பங்கு உண்டு.

என் பெயர் வெங்கிடுசாமி. ஊர் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. திருநீறு பூசாமல் சோற்றில் கைவைக்காத விவசாயக் குடும்பம். நான் மட்டும் நாலெழுத்துப் படித்துத் தொலைத்துவிட்டு, ஏர் பிடிக்கவும் லாயக்கில்லாமல், மலைமேல் மிஷன் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனேன். அவர்களுக்குக் கிறிஸ்தவ வாத்தியார் யாரும் அகப்படவில்லை. காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நாலு மணி நேரம் ஏற வேண்டும். மழைக்காலத்தில் காலெல்லாம் அட்டை. மேலே போய்ச் சேர்ந்தால் குளிர். எவன் வருவான்? நான் 1932-இல் போய் ஆறு வருஷம் இருந்தேன். ஆறு வருஷமும் அந்தக் குளிரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

சென்றாயனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான ஆள், ஆனால் நடையில் யாரும் அவரைப் பிடிக்க முடியாது. கிறிஸ்தவர் ஆவதற்கு முன் அவர் நாட்டுக்குச் சேதி சொல்கிறவராக இருந்தார். மலைமேல் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. நாட்டுத் தலைவரான பட்டக்காரரும் ஊர்க்கவுண்டர்களும் கூடி எடுக்கிற முடிவை ஊர் ஊராகப் போய்ச் சொல்வது அவர் வேலை. நோன்பு என்றைக்கு, விதைப்பு என்றைக்கு, வேட்டைக்கு எந்தக் காடு என்று சொல்லிக்கொண்டு வருவார். இவற்றோடு இன்னொரு சேதியும் உண்டு. யாரையாவது நாட்டை விட்டுத் தள்ளிவைத்தால், அந்த வீட்டுக்கு எதிரே நின்று, பச்சைக் குச்சி ஒன்றை ஒடித்துப் போட்டு, "இன்னையிலிருந்து தீயும் இல்லெ, தண்ணியும் இல்லெ" என்று சொல்ல வேண்டும். அதன்பின் அந்த வீட்டுக்கு யாரும் அடுப்புக்கு நெருப்புத் தரமாட்டார்கள். ஊற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். களை எடுக்க, கூரை மேய, பிணம் தூக்க ஒரு கை வராது. இருபது வருஷத்தில் பதினோரு வீட்டின் முன் அவர் குச்சி ஒடித்திருக்கிறார். நான் கேட்காமலே அவராகச் சொன்ன கணக்கு இது.

பதினோராவது வீடு சின்னராசுவின் வீடு. அந்த மலையில் முதன்முதலாகக் கிறிஸ்தவர்களானவர்கள் சின்னராசுவும் அவர் பெண்சாதி கண்ணாயியும்தான். நாடு அவர்களைத் தள்ளியது. சென்றாயன் போய்க் குச்சி ஒடித்தார். அந்த மழைக்காலத்திலேயே சின்னராசு காய்ச்சலில் விழுந்து ஐந்தே நாளில் செத்துப்போனார். பிணத்தைத் தூக்க ஊரில் ஒருவரும் வரவில்லை. மிஷன் பங்களாவிலிருந்து முன்பின் தெரியாத நாலு பேர் மழையில் வந்து மூங்கிலில் கட்டித் தூக்கிப் போனார்கள். சென்றாயன் தம் தோட்டத்து மிளகுக் கொடிகளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு அந்த வேலை ஓடவில்லை. மறு வருஷம் மிஷனில் போய்ச் சேர்ந்தார். புதிதாக வந்த சேதிக்காரன் அவர் வீட்டுக்கு முன்னாலும் வந்து நின்றான். பையன் பயத்தில் காய்ந்த குச்சியை ஒடித்துவிட்டானாம். "பச்சக் குச்சி ஒடிக்கோணுமப்பா" என்று இவரே ஒன்றைப் பறித்துக் கொடுத்திருக்கிறார்.

நாடு தள்ளியதில் அவருக்கு வேறு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. நடக்க ஊர் இல்லை என்பதுதான் குறை. தினமும் பொழுது விடிந்தால் ஏதாவது ஒரு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த கால்கள். இப்போது எந்த ஊரிலும் அவரை உட்காரச் சொல்ல ஆளில்லை. அப்போதுதான் மிஷன் ஓர் உபதேசியாரைத் தேடியது. ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, நோயாளிகளைப் பார்த்து வருகிற வேலை. "திரும்பவும் நடக்கலாமுங்க வாத்தியாரே. இந்தத் தடவ நல்ல சேதி" என்று என்னிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணம் பேசி முடித்த பிள்ளையாண்டான் தோற்றான்.

வேலை சும்மா கிடைக்காது. போதகர் முன்னிலையில் வேதத்திலும் சபைச் சரித்திரத்திலும் வாய்ப் பரீட்சை உண்டு. வேதத்தை மிஷன் கோயிலில் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக வைத்திருந்தார். சரித்திரம் தெரியாது, படிக்கவும் வராது. எனவே சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து உட்காருவார். நான் மிஷன் புத்தகத்தை வாசிப்பேன், அவர் நார் முறுக்கிக்கொண்டே கேட்பார்.

அவரைப் போல் என் பிராணனை வாங்கிய மாணாக்கன் இல்லை. பொலிக்கார்ப்பு என்று ஸ்மிர்னா ஊரில் ஓர் அத்தியட்சர், அதாவது சபைகளுக்கெல்லாம் பெரியவர். பிடிக்க வந்த சேவகர்களுக்கு முதலில் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, பிறகு அவர்களோடு போய் நெருப்பில் மாண்ட எண்பத்தாறு வயதுக் கிழவர். "சோறு போட்டாருங்களா? அப்ப நம்ம ஆளு" என்றார் சென்றாயன். சிமியோன் என்ற துறவி உயரமான தூண்மேல் முப்பத்தாறு வருஷம் நின்று தவம் செய்தார் என்று வாசித்தால், "மேல சோறு ஏத்திக் குடுத்தது யாருங்க?" என்றார். புத்தகத்தில் அது இல்லை. அத்தனாசியு என்ற அத்தியட்சரை ஐந்து தடவை நாடு கடத்தினார்கள் என்றதும் நார் முறுக்குவதை நிறுத்திவிட்டார். "அஞ்சு தடவ தள்ளி வச்சாங்கன்னா, நாலு தடவயாவது திரும்பச் சேத்திருக்கோணுமே. அதெச் சொல்லுங்க." நைசியா சங்கத்தில் முந்நூறு அத்தியட்சர்கள் கூடி அரியு என்பவரைத் தள்ளிய கதை அவருக்கு ஒரே வாசிப்பில் பதிந்தது. நாட்டுக் கூட்டம் பார்த்துப் பழகியவர் அல்லவா. அங்கேயும் ஒரு கேள்வி வைத்திருந்தார். "அரியு ஊட்டுக்குச் சேதி சொல்லப் போனது யாருங்க?"

"அதெல்லாம் பரீட்சையில் கேட்க மாட்டார்கள்" என்று எரிந்து விழுந்தேன்.

"கேக்க மாட்டாங்கதான். ஆனா ஒருத்தன் போயிருப்பானில்லீங்களா."

இப்படி இருக்கையில்தான் மாராயியின் விஷயம் வந்தது. மாராயி சின்ன வயதுக்காரி. கிறிஸ்தவள் ஆனதற்காகப் புருஷன் வீட்டார் துரத்திவிட, கைக்குழந்தையோடு மிஷன் நிலத்துக்குப் பக்கத்து மேட்டில் குடிசை போட்டுக்கொண்டவள். அந்தக் குழந்தை பாவாயிக்கு இப்போது நாலு வயது. மாசியில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. மிஷன் மருந்தும் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் மாராயி ஒரு கறுப்புக் கோழியை எடுத்துக்கொண்டு போய் ஊர் எல்லை அம்மன் கல்லுக்கு முன்னால் அறுத்துவிட்டு வந்தாள். மறுநாள் குழந்தை கண் விழித்துக் கஞ்சி கேட்டது. மருந்தா, கோழியா, தானாக இறங்கிய காய்ச்சலா என்று எனக்குத் தெரியாது. பாவாயி பிழைத்தாள்.

சேதி போதகர் காதுக்குப் போயிற்று. போதகர் தெற்கத்திக்காரர். மலைக்காய்ச்சலில் உடம்பு உருகிப்போன மனிதர். அப்படியும் மாதம் ஒரு தடவை நடுங்கிக்கொண்டே மலையேறி வந்துவிடுவார். அவரைக் கல்நெஞ்சர் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாராயியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "செய்தது பாவம், இனிச் செய்ய மாட்டேன் என்று சபை முன்னால் சொல்லிவிடு அம்மா. எல்லாம் முடிந்தது" என்றுதான் சொன்னார்.

மாராயி தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தானுங்க. ஆனா புள்ள மறுபடியும் அப்பிடிக் கெடந்தா செய்ய மாட்டேன்னு எனக்குச் சொல்ல வரமாட்டேங்குதுங்க" என்றாள்.

பொய்யாகவாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவளுக்கு அது வரவில்லை. போதகர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அடுத்த தடவை வரும்போதும் இதையே சொன்னால் சபை நீக்கம் என்றார். அப்படி நீக்கினால் கோயிலிலும் இடமில்லை, சபையார் யாரும் அவள் வீட்டுக்குப் போகவும் கூடாது. ஒரு கோழியை விட்டால் அடுத்த வருஷம் சபையே கோழியோடு போய் நிற்கும் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நாடு முன்பே அவளைத் தள்ளியாயிற்று. சபையும் தள்ளினால் அவளுக்கு நெருப்புக் கொடுக்க இந்த மலையில் ஒரு வீடு மிச்சம் இருக்காது. அவள் கூரைப்புல் மக்கிப்போய்க் கிடந்தது. ஆடிக்குள் மேய்ந்தாக வேண்டும், தனியொருத்தியால் கூரை மேய முடியாது.

தவணை முடிகிற அந்த மாதமே சென்றாயனுக்குப் பரீட்சை. சபை நீக்கத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்வது உபதேசியாரின் வேலை. சென்றாயன் கையில் நார் மட்டும் முறுக்கு ஏறிக்கொண்டே போனது.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, சிப்பிரியான் பாடத்துக்கு வந்தோம். ரோமாபுரியை ஆண்ட தேசியு ராயன், எல்லோரும் தேவதைகளுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளை போட்டான். மறுத்தவர்களுக்குச் சிறையும் அடியும். கிறிஸ்தவர்களில் நிறையப் பேர் பயந்து பலியிட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் 'தவறிப்போனவர்கள்' என்று பெயர். உபத்திரவம் ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு கோயில் வாசலில் வந்து நின்றார்கள். சேர்க்கலாமா கூடாதா என்று சபைக்குள் பெரிய ரகளை. ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் பட்டணத்தில் சிப்பிரியான் அத்தியட்சராக இருந்தார். அந்தப் பட்டணத்தில் அடிபட்டும் சிறைப்பட்டும் பலியிடாமல் நின்ற சிலர் உண்டு. அவர்களுக்கு 'அறிக்கையாளர்' என்று பெயர். தவறிப்போனவர்கள் இவர்களிடம் போய்க் கெஞ்ச, இவர்கள் மனமிரங்கி, 'இன்னாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சமாதானச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

சென்றாயனின் கை நின்றது. "இன்னொருக்காப் படிங்க" என்றார். படித்தேன். மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னார். அதற்குள் எனக்குப் பசி வந்துவிட்டது. அடுப்பில் களிக்கு உலை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"கஷ்டப்பட்டவங்க சீட்டுக் குடுத்தா, தப்புப் பண்ணுனவங்களெச் சேத்துக்குவாங்க. அப்பிடித்தானுங்களே?"

"அப்படித்தான்."

"அந்தச் சட்டம் இன்னும் இருக்குதுங்களா?"

"எழுதியிருக்கிறதே. இருக்கும்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். அடுத்த பக்கத்தை நான் திருப்பவில்லை. என் உலைத் தண்ணீர்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் வந்து, "காகிதமும் பேனாவும் எடுத்துக்கிட்டு வாங்க" என்று என்னை இழுத்துப் போனார். போய் நின்ற இடம் கண்ணாயியின் வீடு. அந்த மலையில் வேதத்துக்காகப் பட்டபாடு பட்டும் அசையாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். சென்றாயன் கணக்கில் அவளே அறிக்கையாளர். ஆறு வருஷமாக ஒரே கோயிலில் பெண்கள் பக்கம் அவளும் ஆண்கள் பக்கம் இவரும் உட்கார்ந்தும், இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கண்ணாயி உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். சென்றாயன் வீட்டுக்கு எட்டவே நின்றுவிட்டார்.

"அவுரெப் பக்கத்துல வரச் சொல்லு கண்ணு" என்றாள் கண்ணாயி, என்னைப் பார்த்து. "முன்னயும் அங்கயேதான் நின்னாரு."

சென்றாயன் கிட்டே வந்தார். மாராயிக்காக ஒரு சீட்டு வேண்டும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். கார்த்தேஜ் பட்டணத்துக் கதையையும் சொன்னார். கண்ணாயி உலக்கையை நிறுத்தாமல் கேட்டாள். கதை முடிந்ததும் நிறுத்தினாள்.

"நான் கோழி அறுக்கலெ" என்றாள். "ஊருச் சனம் வந்து சொன்னாங்க. ஒரே ஒரு கோழி அறுத்துப் போடு, வைத்தியனெ வரச் சொல்றோம்னாங்க. அவரு என் கையப் புடிச்சுக்கிட்டு வேண்டாம்னாரு. நானும் வேண்டாம்னுட்டேன். அஞ்சாம் நாளு போயிட்டாரு. எனக்கு யாரு சீட்டுக் குடுத்தாங்க?"

சென்றாயன் சொன்னார்: "அன்னைக்கு நான் மொளகுக் கொடிக்குப் பொறத்தால நின்னு பாத்துக்கிட்டிருந்தனுங்க அக்கா. தூக்க வரலெ."

"தெரியும்" என்றாள் கண்ணாயி. உலக்கை மறுபடி உரலில் விழத் தொடங்கியது. நாங்கள் வெற்றுக் காகிதத்தோடு திரும்பினோம்.

சனிக்கிழமை மத்தியானம் போதகர் வந்து சேர்ந்தார். வந்தவுடன் மாராயியை அழைத்துக் கேட்டார். அவள் போன மாதம் சொன்னதையே சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் கோயிலில் பரீட்சை. சபையார் விரும்பினால் உட்கார்ந்து கேட்கலாம். பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கண்ணாயியும் பெண்கள் பக்கத்துப் பாயில் சுவரோரமாக இருந்தாள்.

சென்றாயன் ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. பொலிக்கார்ப்பையும் அத்தனாசியுவையும் நேற்றுச் சந்தையில் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார். போதகர் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே, "சிப்பிரியான் யார்?" என்று கேட்டார். அதையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "ஒரு சங்கதிங்க அய்யா. மாராயிக்குச் சமாதானச் சீட்டு வாங்கப் போனனுங்க. கெடைக்கலெ. இன்னொரு மாசம் தவணை குடுத்தீங்கன்னா கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

போதகருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னைப் பார்த்தார். நான் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. புத்தகத்தை வாங்கி, நான் திருப்பாத பக்கத்தைத் திருப்பி வாசித்தார். அறிக்கையாளர்கள் யார் எவர் என்று விசாரியாமல் கத்தை கத்தையாகச் சீட்டு எழுதித் தள்ளியதும், அதைச் சிப்பிரியானே கண்டித்ததும், பிறகு அத்தியட்சர்கள் சங்கமாகக் கூடி ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்து, நெடுநாள் மனம் வருந்தச் செய்து சேர்த்துக்கொண்டதும் அதில் இருந்தது. "அது அந்தக் காலத்து ஏற்பாடு, சென்றாயன். இப்போது அப்படி ஒரு சட்டம் இல்லை" என்றார்.

சென்றாயன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"உபத்திரவத்தப்ப அந்த அத்தியட்சரு என்ன பண்ணுனாருங்க அய்யா?" என்று கேட்டார்.

போதகர் நேர்மையான மனிதர். "ஒளிந்திருந்தார்" என்றார். "அடுத்த உபத்திரவத்தில் ஒளியவில்லை. வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார்."

"ஒளிஞ்சிருந்தவருங்களா. அப்ப அவுருக்குத் தவறுனவங்க மனசு தெரிஞ்சிருக்கும்" என்றார் சென்றாயன்.

போதகர் பெயர்ப் புத்தகத்தை எடுத்தார். "பரீட்சையில் நீர் நன்றாகத் தேறினீர். நாளைக்கு ஆராதனையில் சபை நீக்கத்தை நான் வாசித்தபின், மாராயி வீட்டுக்குப் போய் அறிவிப்பது உம்முடைய முதல் கடமை."

"வேற எந்த வேலையாவது குடுங்க அய்யா, செய்யறனுங்க. அது முடியாதுங்க."

"உபதேசியார் செய்யாமல் யார் செய்வது?"

"நான் இதுக்கு முன்னெ பதினோரு ஊட்டுக்குப் போயிருக்கிறனுங்க. போதுமுங்க."

போதகர் பேனாவைத் திறந்து மறுபடி மூடினார். "அப்படியானால் இந்த வேலை உமக்கு இல்லை. நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

"சரீங்க" என்று எழுந்த சென்றாயன், தான் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வேளைக் களிக்காக அவசரப்பட்டவன் என்று என்னையே திட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கண்ணாயி வந்து நின்றாள். தலையில் எண்ணெய் வைத்து, வெளுத்த சேலை கட்டியிருந்தாள்.

"காகிதம் எடு கண்ணு. நான் சொல்றதெ சொன்னபடிக்கு எழுது. புத்தகப் பேச்சாட்டம் மாத்தாதே."

"அந்தச் சட்டம் இல்லை என்று அய்யா சொல்லிவிட்டாரே" என்றேன்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ எழுது."

எழுதினேன். அவள் பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தாள். "அய்யாவெச் சத்தமாப் படிக்கச் சொல்லோணும். எல்லாருக்கும் கேக்கோணும்" என்று சொல்லி, கோயிலுக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று இராப்போஜனம், அதாவது கர்த்தருடைய கடைசி விருந்தை நினைத்துச் சபையார் கூடி உண்ணும் சடங்கு. பெயர்தான் அப்படி. நடப்பது காலை பத்து மணிக்கு. மேசைமேல் அப்பமும் திராட்சை ரசமும் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தன. முப்பது பேர் இருந்தார்கள். மாராயி வரவில்லை. சென்றாயன் கடைசி வரிசையில் இருந்தார். இதற்கெல்லாம் சம்பந்தமில்லாத நான் கதவோரம் நின்றேன். பாட்டு முடிந்து, போதகர் சபை நீக்கக் காகிதத்தைக் கையில் எடுத்தபோது, நான் போய்க் கண்ணாயியின் சீட்டை நீட்டினேன். அவர் மனதுக்குள் வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். கண்ணாயியை நிமிர்ந்து பார்த்தார். அவள் படியுங்கள் என்பதுபோலத் தலையசைத்தாள். அவர் சத்தமாக வாசித்தார்.

"மாராயிக்காகக் கண்ணாயி எழுதச் சொன்னது. அவ கோழி அறுத்தது தப்புத்தான். என் புருசன் சாகறப்ப எங்க ஊட்டுலயும் ஒரு கோழி இருந்துச்சு. நான் அறுக்கலெ. அறுத்திருந்தா பொழச்சிருப்பாரோன்னு ஏழு வருசமா நெனக்கறேன். கோயில்ல இந்தப் பாயில உக்காந்துக்கிட்டே நெனக்கறேன். கையால அறுக்கலெ. மனசால எத்தனையோ தரம் அறுத்திட்டேன். எங்கிட்ட யாரும் கேக்கலெ, அதனால நான் உள்ள உக்காந்திருக்கிறேன். அவகிட்டக் கேட்டாங்க, அவ நெசத்தச் சொல்லிட்டா. நான் உள்ளயும் அவ வெளியயும் இருக்கறது நாயமில்லெ. அவளெக் கூப்பிடுங்க. சென்றாயன் போய்ச் சொல்லட்டும். ஊடு ஊடாப் போய் அவருக்குப் பழக்கம்."

கடைசி வரியில் போதகரின் குரல் இறங்கிவிட்டது. கோயிலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கண்ணாயி அழவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

போதகர் சீட்டை மேசைமேல் வைத்தார். "இப்படி ஒரு சட்டம் இல்லை என்று நேற்றுச் சொன்னேன். இன்றைக்கும் இல்லை" என்றார். சபை நீக்கக் காகிதத்தை நாலாக மடித்து அங்கிக்குள் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சென்றாயன், நீர் போய் அழைத்து வாரும். நாங்கள் காத்திருக்கிறோம்."

சென்றாயன் எழுந்து ஓடினார். நாற்பத்தைந்து வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு பள்ளம் இறங்கி ஒரு மேடு ஏறினால் மாராயியின் குடிசை. நான் மூச்சிரைக்கப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது அவர் குடிசைக்குக் கொஞ்சம் தூரத்திலேயே, வந்த வேகமெல்லாம் அடங்கி, நின்றுகொண்டிருந்தார். வாசலில் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த மாராயி எழுந்துவிட்டாள். அவர் எதற்கு வந்திருப்பார் என்று அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். குழந்தையைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

சென்றாயன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நாட்டில் ஒருவரைத் திரும்பச் சேர்க்கும்போது ஆள் அனுப்புவது கிடையாது. தள்ளப்பட்டவர்தான் கூட்டத்தைத் தேடிப் போய்க் காலில் விழ வேண்டும். அதனால் அந்தச் சேதிக்கு என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியவில்லை. சேதி சொல்லப் பழக்கிய அவர் அப்பனும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

"சொல்லீருங்க மாமா" என்றாள் மாராயி. "நான் அழுவ மாட்டேன்."

அவர் விறுவிறுவென்று போய், அவள் பின்னாலிருந்த குழந்தையைப் பாதிப் பின்னிய தலையோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"நட சாமி" என்றார். "அங்க எல்லாரும் திங்காம உக்காந்திருக்காங்க."